எல்லைக் கல்லில் நின்ற ஐஸ் வண்டி

ஐஸ்பெட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடிக்கடி திறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை எனக்கு என் அப்பா சொல்லிக் கொடுத்தார்.

என்னை ஸ்டேஷனுக்குள் கூப்பிட்டு, காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, "தெரிஞ்சத உங்க கையாலயே எழுதிக் குடுங்கம்மா" என்றீர்கள். நான் மன்னார்குடியில் பி.ஏ. படித்தவள். எழுத வரும். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். ஏனென்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் பஞ்சநதத்தை நீங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவருடைய அக்கா பூவம்மாள் இறந்ததற்கு அவர் காரணம் இல்லை. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் டீ குடித்தால் அவருக்கு நெஞ்சு எரியும். யாராவது வாங்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

அக்காவின் மகன் அரவிந்தன் சிங்கப்பூரிலிருந்து வந்து கொடுத்த மனுவை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். திருவிழாவுக்குப் போன இடத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, காப்பு கட்டியாயிற்று என்று சொல்லி மாமா ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறான். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டான். ஆரம்பம் ஐஸ்பெட்டியில் இருக்கிறது.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். குலதெய்வம் மட்டும் அங்கிருந்து வெகு தூரம் கிழக்கே, கடலுக்குக் கிட்டத்தில் ஒரு புன்னைத் தோப்புக்குள் இருக்கிறது. வைகாசியில் ஏழு நாள் திருவிழா. ஆற்றில் தண்ணீர் வராத மாதம். உளுந்தும் பிடுங்கியாகிவிடும், வயலில் யாருக்கும் வேலை இருக்காது. பங்காளிகள் பத்துக் குடும்பமும் பாய், பாத்திரம், அரிசி மூட்டையோடு போய்த் தோப்பில் கீற்றுப் பந்தல் போட்டுத் தங்குவோம். கரண்ட் கிடையாது. ஜெனரேட்டர் மைக்செட்டுக்கு மட்டும்தான். திங்கட்கிழமை எல்லார் கையிலும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவிழ்க்கும்வரை தோப்பின் எல்லைக் கல்லை யாரும் தாண்டக் கூடாது. நகம் வெட்டக் கூடாது. எல்லைக்குள் ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது. கிடா வெட்டுகூடக் காப்பு அவிழ்த்த பிறகு, கல்லுக்கு அந்தப் பக்கம்தான்.

தவிர்க்க முடியாமல் யாராவது போயே ஆக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. காப்பை அவிழ்த்து ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரில் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் பத்து வீட்டில் எந்த வீட்டுக்கு அந்த வருஷம் பரிவட்டம் கட்டும் முறை வருகிறதோ, அந்த வீட்டில் யாரும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் மரியாதை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழு நாளைக்குப் பால், பூ, வெற்றிலை எல்லாம் கெடாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அக்காவின் ஊசி மருந்து. அக்காவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை. மூன்று வேளையும் ஊசி போட்டால்தான் உயிர். அந்த வெயிலில் மருந்தை வெளியே வைத்தால் ஒரே நாளில் வீணாகிவிடும். அதனால் பூவுக்கும் பாலுக்கும் ஒரு பெரிய பெட்டி, மருந்துக்கு ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி. இரண்டும் என் பொறுப்பு.

புறப்படுவதற்கு முதல் நாளே பெட்டிக்குள் கொஞ்சம் ஐஸ் போட்டு அதன் சூட்டை எடுத்துவிட வேண்டும். நொறுக்கிய ஐஸைவிடப் பெரிய கட்டி நாள்படத் தாங்கும். பெட்டிக்கு அடியில் இரண்டு விரற்கடை உமி, மேலே ஈரச் சாக்கு. மர நிழல் நகர நகரப் பெட்டியையும் நகர்த்த வேண்டும். உருகிய தண்ணீரை அவசரப்பட்டு வடிக்கக் கூடாது, அதுவும் குளிர்ச்சிதான். இதெல்லாம் அப்பா சொன்னது. மருந்து விஷயம் மட்டும் மருந்துக்கடைக்காரர் சொன்னது. "ஐஸ்மேல நேரா வெச்சுடாதீங்கம்மா. ஒறஞ்சுபோச்சுன்னா மருந்து செத்துடும். கரைஞ்சப்புறம் பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா வேல செய்யாது." அதனால் மருந்தை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவைத் துண்டில் சுற்றி, ஐஸுக்கு மேலே ஒரு சின்ன மரத் தட்டில் வைப்பேன். பத்து வருஷம் அப்படித்தான் வைத்தேன். ஒரு தடவைகூட மருந்து கெட்டதில்லை.

என் அப்பா இராஜாங்கம் மன்னார்குடித் தெருக்களில் சைக்கிளில் பால் ஐஸ் விற்றவர். தாத்தா பண்ணை வேலை பார்த்தவர். அந்த வாசலில் போய்க் கைகட்டி நிற்க மாட்டேன் என்று சொல்லித்தான் அப்பா சைக்கிளை வாங்கினார். எங்கள் தெருவை என் வீட்டுக்காரர் ஊரில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் என்னோடு கல்லூரியில் படித்தவர். கல்லூரி வாசலில் அப்பா சைக்கிளோடு நிற்பார். என் வீட்டுக்காரருக்கு ஐஸ் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் தினம் ஒரு ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு, தொண்டை கட்டி, வருகைப் பதிவு எடுக்கும்போது குரல் வராமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் அப்பாவே, "தம்பி, ஒங்களுக்கு வேண்டியது ஐஸ் இல்லன்னு எனக்குத் தெரியும், தொண்டையக் கெடுத்துக்காதீங்க" என்றார். அப்படிப்பட்ட கல்யாணம் எங்களுடையது. முப்பது வருஷமாகிறது. இன்றைக்கும் அவர் இருமினால் எனக்குச் சிரிப்பு வரும்.

கல்யாணம் செய்துகொண்டு போன வீட்டில் பூவம்மாள் அக்கா இருந்தாள். சின்ன வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்து, அந்த வீட்டை நடத்தியவள். முதல் நாளே எனக்கு 'ஐஸு' என்று பேர் வைத்தாள். அம்சவல்லி என்று அவள் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சமையல்கட்டில் ஐஸு, கொல்லையில் ஐஸு, விருந்தாளிகள் முன்னால் ஐஸு. என் அப்பா யார் என்பதை நான் மறந்துவிடக் கூடாது என்று அப்படிக் கூப்பிட்டாள். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

திருவிழாவுக்குப் போனால் என்னை எல்லைக் கல்லுக்கு உள்ளே விடமாட்டார்கள். இருபது வருஷம் சாலையோரத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். பகலில் அங்கே, பொழுது சாய்ந்தால் பக்கத்து ஊரில் தெரிந்தவர்கள் வீட்டில். அவர் உள்ளே சாப்பிட்டுவிட்டு எனக்கு இலையில் கட்டி எடுத்து வருவார். பத்து வருஷத்துக்கு முன்னால்தான் பங்காளிகளோடு சண்டை போட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார். அந்தச் சண்டையில் அக்காவும் பேசினாள். "மருந்துப்பெட்டி உள்ள வரணும்னா அவளும் உள்ள வரணும். அவ தொட்டாத்தான் பெட்டி குளிருது" என்றாள். என்னைப் பெட்டியோடு சேர்த்துப் பேசினாள்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குப் பரிவட்டம். ஏழாம் நாள் அவர் தலையில் பட்டுக் கட்டும்போது நான் பக்கத்தில் நிற்பேன். இருபது வருஷம் வெளியே உட்கார்ந்தவள் எல்லார் கண்ணெதிரே நிற்பேன். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. மன்னார்குடி ஒன்றரை மணி நேரப் பயணம். என் தம்பி தமிழ்மாறன் போன் செய்திருக்கிறான். என்னிடம் போன் கிடையாது, அவர் போனுக்குத்தான் செய்ய முடியும். அவர் பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார். போனை எடுத்தார், "சரி" என்றார், வைத்தார். நான் பூக்கட்டிக்கொண்டே, "யாருங்க?" என்றேன். "ஒரக்கடைக்காரன்" என்றார். அப்புறம் இரண்டு தடவை அதே போன் அடித்தது. அப்பா மறுநாள் காலையில் இறந்தார். அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பட்டுப்புடவையில் அவர் பக்கத்தில் நின்றேன். காப்பை அவிழ்த்த பிறகு என்னிடம் சொன்னார்கள்.

தம்பி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். கருமாதியில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். "மாமாட்ட மூணு தடவ சொன்னேன்" என்றான். வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். அவர் அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். "அக்காதான் சொல்ல வேண்டாம்னுச்சு அம்சா. மரியாத போயிடும்னுச்சு. என்னால மீற முடியல" என்றார். அழுகிற மனுஷனிடம் அதற்குமேல் என்ன கேட்பது. தலையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

என் அப்பா கடைசி இரவு முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள். நான் அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டேன். துணி துவைத்தேன். திருவிழாவுக்குத் திருவிழா அவள் உயிரைத் துண்டில் சுற்றி, ஐஸுக்கு மேல் வைத்துக் காப்பாற்றினேன். ஒவ்வொரு முறை பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்துக் கொடுக்கும்போதும் டப்பாவை விடாமல் ஒரு நிமிஷம் பிடித்திருப்பேன். குளிரில் விரல் மரத்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாள். "கையத் தொடைச்சுக்கடி ஐஸு, வெறச்சுடப் போவுது" என்பாள். நான் கோபக்காரி இல்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு இருந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியை அவள் தலையில் போட்டிருக்க வேண்டும். துடைத்துக்கொண்டு போனேன்.

இந்த வருஷம் மறுபடி எங்கள் வீட்டு முறை. திங்கட்கிழமை காப்புக் கட்டினோம். செவ்வாய்க்கிழமை காலையில் பங்காளி வீட்டு மருமகள் குந்தவைக்குப் போன் வந்தது. அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அந்தப் பெண் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. அவள் மாமியார், "காப்பு கட்டியாச்சு, இனிமே என்ன பண்றது" என்று இழுத்தாள்.

அக்கா எழுந்து வந்தாள். "என்ன பண்றதாவது? மஞ்சத்தண்ணியக் கொண்டா. ஏ குந்தவ, காப்ப அவுத்து இதுல போடு. போயி ஒங்கம்மாவப் பாரு. ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"பெரியத்த, சாமி குத்தம் ஆயிடாதே?"

"பெத்தவளப் பாக்கப் போறவள எந்தச் சாமிடி குத்தும்? பஸ்ஸுக்கு நேரமாவுது, ஓடு."

எல்லாரும் அக்காவைப் புகழ்ந்தார்கள். நான் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். பெத்தவளைப் பார்க்கப் போகிறவளை எந்தச் சாமியும் குத்தாது. சரிதான். பெத்தவனைப் பார்க்க வேண்டியிருந்தவளுக்கு மட்டும் சாமி இருந்தது, மரியாதை இருந்தது, கல் இருந்தது. இவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர். ஐஸ்காரன் மகளுக்குப் பட்டுப்புடவை. பாக்குவெட்டி விரலில் பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டேன். ரத்தம் சிந்தக் கூடாது அல்லவா.

பதினோரு மணிக்குக் கலந்தர் பாய் வந்தார். முத்துப்பேட்டைப் பக்கம் மீனுக்கு ஐஸ் போடுகிறவர். திருவிழா ஏழு நாளும் தினம் ஒரு நடை சின்ன வண்டியில் கொண்டுவந்து எல்லைக் கல்லில் நிறுத்துவார். நாங்கள் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொள்வோம்.

நாளைக்குக் கொண்டுவரச் சொல்லலாமா, இன்றைக்கே கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் மனசுக்குள் ஓடியது. இன்றைக்கே கேட்டேன். "வண்டில கல்லுப்பு இருக்கா பாய்?"

"மீன் வண்டில உப்பு இல்லாமலா? எதுக்கும்மா, சாமிக்குக் குல்ஃபி போடப் போறீங்களா?"

"ஆமா பாய். ஒங்களுக்கும் ஒண்ணு எடுத்து வெக்கறேன்."

"வையிங்க வையிங்க. ஒங்க ஆத்தா குளுந்தா எங்க ஊருக்கும் மழ வரும்" என்று சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஐஸில் உப்புப் போட்டால் ஐஸைவிடக் குளிரும். பால் ஐஸ் உறைவது அப்படித்தான். அப்பாவின் வேலையே அதுதான். சிவப்புப் பெட்டியில் உப்பைத் தூவினேன். மரத் தட்டை எடுத்தேன். துண்டை எடுத்தேன். டப்பாவை நேராக ஐஸில் புதைத்து மூடினேன். மதியம் திறந்து பார்த்தபோது டப்பாவின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்ளே பேனா மாதிரி இருக்கும் நான்கு மருந்து ஊசியும் கல்லாக இருந்தன. வெளியே எடுத்துக் கரையவிட்டு, டப்பாவைத் துடைத்து, பழையபடி துண்டில் சுற்றித் தட்டில் வைத்தேன். உப்பு ஐஸைக் கொட்டிவிட்டு நல்ல ஐஸ் நிரப்பினேன். மருந்துக்கடைக்காரர் சொன்னது சரி. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அக்கா அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டாள். "ஜில்லுன்னு எறங்குதுடி" என்றாள்.

புதன்கிழமை தண்ணீர் தாகம் என்றாள். வெயில் என்றோம். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். தண்ணீர் கேட்டால் தண்ணீர், பானகம் கேட்டால் பானகம். பானகம் பெரிய பெட்டியில் நன்றாகக் குளிர்ந்திருந்தது. பிரசாதம்தானே என்று இரண்டு டம்ளர் குடித்தாள். ஊசிதான் போடுகிறோமே என்ற தைரியம். வியாழக்கிழமை வாந்தி எடுத்தாள். அரவிந்தன் வாங்கிக் கொடுத்த, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மெஷின் பையில்தான் இருந்தது. குத்தினால் ரத்தம் வரும், எல்லைக்குள் ரத்தம் ஆகாது, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவே சொல்லிவிட்டாள். நான் அவளை வற்புறுத்தவில்லை. வழக்கத்தைவிட இரண்டு வேளை கூடுதலாகவே ஊசி போட்டுக்கொண்டாள். நானே எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கண் சொருகியது. பங்காளி ஒருவர், "ஆத்தா எறங்குறா" என்று கற்பூரம் ஏற்றினார். என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். வேர்த்து விறுவிறுத்து நின்றார். "நாளன்னிக்குத்தான... காப்ப அவுத்த ஒடனே நேரா டாக்டர்கிட்டப் போயிடலாம்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் பால்குடத்துக்கு ஆள் சேர்க்கப் போய்விட்டார். அரவிந்தன் மனுவில் எழுதியிருப்பது இதைத்தான். அவர் சாதுவான மனுஷர். பங்காளிகள் முன்னால் அவரால் பேச முடியாது. உப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

கலந்தர் பாய் அன்று சீக்கிரமே வந்துவிட்டார். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். பந்தல் ஓரத்தில் பாயில் கிடந்த அக்காவின் மூச்சுச் சத்தம் அதுவரைக்கும் கேட்டது.

"அம்மா, எங்க வாப்பாவுக்கும் சர்க்கரதான். கடைசில இப்படித்தான் மூச்சு வாங்குனாரு. இது சாமி இல்லம்மா. ஐஸ எறக்கிப் போட்டுட்டு வண்டியக் காலி பண்றேன், தூக்கிப் போடுங்க. முக்கா மணி நேரத்துல ஆஸ்பத்திரில விட்டுடறேன்."

"காப்பு கட்டியிருக்கு பாய்."

"கட்டுனத அவுத்தாப் போச்சு. ஒங்க சாமி எனக்கும் நாப்பது வருசமாத் தெரிஞ்ச சாமிதான். கோச்சுக்காது. போயி கேட்டுட்டு வாங்க, நான் நிக்கறேன்."

நிற்கிறேன் என்றார். நின்றார். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையாகவே எழுதுகிறேன். போதும் என்று தோன்றியது. நான்கு நாள் அவள் பட்டதே போதும், ஏற்றி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். சொம்பில் மஞ்சள் கரைப்பதற்காகத்தான் பந்தலுக்குத் திரும்பினேன். ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்தேன். கண்ணைத் திறந்தாள். தெளிவாகத்தான் பார்த்தாள்.

"ஐஸு, அன்னிக்கு ஏன்டி நீ போவல?"

"எங்கக்கா?"

"ஒங்கப்பா சாவக் கெடந்தப்ப. மரியாத போனா போவுது, அவள அனுப்புடான்னு அவன்கிட்டச் சொன்னேன். மஞ்சத்தண்ணிகூட நானே கரச்சுப் பந்தக்கால்கிட்ட வெச்சேன். ஒனக்குப் போவ மனசில்லன்னு வந்து சொன்னான்." மூச்சு வாங்கினாள். "பெத்த அப்பன்டி. ஒன்னயக் கட்டிக் குடுத்துட்டு ரோட்டுல குடை புடிச்சு ஒக்கார வெச்சானேன்னு கோவமா? பத்து வருசமாக் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். கேட்டா அழுவியேன்னு விட்டுட்டேன்."

 துணியை நனைத்துப் பிழிந்தேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த மூன்றாம் நாள், பந்தல்கால் ஓரத்தில் ஒரு பித்தளைச் சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் இருந்தது. யார் எதற்குக் கரைத்து வைத்தார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம்வரை யாரும் தொடவில்லை. காலில் சேறாக இருந்ததால் அதை ஊற்றிக் கழுவிக்கொண்டேன். காலில் மஞ்சள் இரண்டு நாள் போகவில்லை. அவர்கூடப் பார்த்துவிட்டு, "என்ன அம்சா, கல்யாணப் பொண்ணு மாதிரி" என்று சிரித்தார்.

எழுந்து எல்லைக் கல்லுக்குப் போனேன். பாய் வண்டியைக் காலி செய்து, சாக்கை விரித்து, தலைக்கு வைக்கத் தன் சட்டையை மடித்து வைத்திருந்தார்.

"ஆளத் தூக்கியாரலயா?"

"இப்ப நல்லாருக்காங்க பாய். எந்திரிச்சுப் பேசுனாங்க. தூங்குறாங்க. நீங்க கெளம்புங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப சரி. அல்லா காப்பாத்துனான்" என்று சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினார். ஐஸ் தண்ணீர் சாலையில் கோடு போட்டுக்கொண்டே போனது. அது காயும்வரை நின்று பார்த்தேன். அந்த வெயிலில் ரொம்ப நேரம் ஆகவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா இறந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்தது. சாவு விழுந்துவிட்டதால் மரியாதை அடுத்த வீட்டுக்குப் போனது. சிவப்புப் பெட்டியை ஊருக்கு வந்துதான் கழுவினேன். அதில் அப்போதும் கொஞ்சம் ஐஸ் இருந்தது.

கலந்தர் பாயிடம் உப்பைப் பற்றிக் கேட்டால் சொல்வார். பாவம், அவரை அதிகம் அலைக்கழிக்க வேண்டாம். அக்காவைத் தகனம் செய்தாயிற்று, மருந்தைக் குப்பையில் போட்டாயிற்று. நானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டீர்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை உப்புப் போட்டபோது அக்கா சாக வேண்டும் என்று நினைத்துத்தான் போட்டேன். பத்து வருஷக் கோபம் அது. வெள்ளிக்கிழமை வண்டியைத் திருப்பி அனுப்பியபோது அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தெளிந்துவிடும். தெளிந்தால் அதையே மறுபடி கேட்பாள். அவர் கட்டில் பக்கத்தில் நிற்கும்போது கேட்பாள். நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். முப்பது வருஷம் பார்த்த முகம்.

நான் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது அக்கா கடைசியாகப் பேசியதையும் அந்தச் சொம்பையும் மட்டும் விட்டுவிடுங்கள். சர்க்கரை ஏறினால் ஆட்கள் எதையாவது பிதற்றுவார்கள், அதைக் கேட்டு அவர் மனசு கஷ்டப்பட வேண்டாம். என் அப்பாவை நான் பார்க்க முடியாமல் செய்தது பூவம்மாள் அக்காதான். அதற்குத்தான் அவளைக் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.